பெண் கேட்க ஆள் இல்லாதவன்

மழை வந்தால் காதலும் வரும் என்று சொல்கிறவர்களை நவம்பர் மாதத்தில், பாலைவன ஓரத்து ஊரான நெஃப்தாவின் பேரீச்சந்தோப்பில் ஒரு நாள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அறுத்துப் போட்ட குலை நனைந்தால் புளித்துப் போகும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு ஒரு தூறலில் போய்விடும். அங்கே மழை வந்தால் வாயில் வசவுதான் வரும்.

அன்றைக்கும் அப்படித்தான்... மேற்கே வானம் கறுத்ததும் ஹனியா பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குவியலை நோக்கி ஓடினாள். மறுமுனை ஒருவன் கையில் இருந்தது.

"விடுங்க. நான் பாத்துக்கிறேன்," என்றான் அவன்.

"குவியல் எவ்ளோ பெருசு, பாத்தீங்களா? ஒருத்தரா மூடுவீங்க?"

"எப்பவும் ஒருத்தன்தான்."

"விரிப்புக்கு நாலு மூலை. உங்களுக்கு எத்தனை கை?"

அவன் இழுத்தான். அவளும் இழுத்தாள். நடுவில் காற்று புகுந்து விரிப்பைத் தூக்கி இருவர் தலையிலும் கவிழ்த்துவிட்டது. மேலே மழை சடசடவென்று... உள்ளே இரண்டு மூச்சு. அவ்வளவு பக்கத்தில் அவள் அவன் கண்களைப் பார்த்தாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கொட்டை தெரியுமே, அந்த உயர்ந்த ரகப் பழத்தின் நிறம். அந்தக் கண்களுக்குள்ளும் ஏதோ ஒன்று கெட்டியாகக் கிடந்தது...

'திமிரா? துக்கமா?' அவளுக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் குறையவில்லை.

"இப்பவாவது அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

பிடித்தான்.

மத்தியானம் மழை விட்டதும் எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோதுமை ரவையை அவித்த குஸ்குஸ், காரமான குழம்பு, ஆளுக்கொரு கரண்டி. அவன் மட்டும் தூரத்து மரத்தடியில் காய்ந்த ரொட்டியை எண்ணெயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"அவருக்கு இங்க கரண்டி இல்லையா?" ஹனியா கேட்டாள்.

வேலையாட்களுக்குத் தலைவர் லஸார் பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அவனை விட்டுரும்மா. மனசு நொந்தவன். நாங்க யாரும் தொந்தரவு பண்றதில்ல. ஒரு மரியாதைதான்."

அவர் சொன்ன கதை இது. அங்கே குலையை மேலிருந்து எறியமாட்டார்கள், கயிற்றில் இறக்கவும் மாட்டார்கள், பழம் அடிபடும் என்று. உச்சியில் ஒருவன் அறுப்பான். அவனுக்குக் கீழே மரத்தோடு மரமாக ஏழு பேர், மட்டை வெட்டிய கட்டையில் கால் வைத்து, ஒரு கையால் மரத்தை அணைத்து, ஒருவன் காலடியில் ஒருவன் தலையாக நிற்பார்கள். குலை கைக்குக் கை இறங்கி வரும். மேலிருந்து மூன்றாவது இடம் அந்த மரத்தடிக்காரன் மொஸ்பாவுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தங்கை கல்யாணத்துக்காக ஒருநாள் லீவு போட்டான். அவன் இடத்தில் அவனுடைய சிநேகிதன் ஏறினான். கட்டை ஒடிந்தது.

"உயிர் பிழைச்சான். இடுப்பு போச்சு. தகாஷ் ஊர்க்காரன், பெல்காசிம்னு..."

ஹனியாவின் கரண்டி தட்டிலேயே நின்றது. விடியற்காலையில் பெண்களை ஏற்றிவரும் வண்டி அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளை இந்தத் தோப்பில் இறக்கியிருந்தது. பெல்காசிம் அவளுடைய அண்ணன்.

எழுந்து நேராக அந்த மரத்தடிக்குப் போனாள்.

"மொஸ்பாங்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"நான் பெல்காசிம் தங்கச்சி."

அவன் கையிலிருந்த ரொட்டி மண்ணில் விழுந்தது. தலை குனிந்தது. "திட்டணும்னா திட்டுங்க. என் இடத்துலதான் அவன் நின்னான்..."

"கட்டை ஒடிஞ்சதுக்கு உங்களை ஏன் திட்டணும்? மரத்தைத்தான் திட்டணும். ரெண்டு வருஷமா எங்க வீட்டுப் பக்கமே வரலையே, அதுக்குத் திட்டுறேன். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, 'மொஸ்பாவா பாரு'ன்னுதான் சொல்வான். ஒரு வருஷம் வரைக்கும் வெள்ளிக்கிழமைன்னா டீக்கு ரெண்டு கிளாஸ் வைக்கச் சொன்னான். அப்புறம் ஒண்ணு போதும்னுட்டான். இடுப்பு வலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தாரு. இதுக்கு எந்தக் கடையில மாத்திரை வாங்குறது?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது?"

"இருக்கிற முகத்தை. உங்களுக்கு ஒண்ணுதானே இருக்கு."

அவள் திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் விடவில்லை. "உங்களையும்தான் பெரியப்பா. பக்கத்துல ஒருத்தன் ரெண்டு வருஷமா காஞ்ச ரொட்டி திங்கிறான். அதைப் பாத்துக்கிட்டே குழம்பு ஊத்திச் சாப்பிடுறதுக்குப் பேரு மரியாதையா?"

ஒதுங்கி இருப்பதை மரியாதை என்று இவர்கள் நினைத்தார்கள். அதைப் பழி என்று அவன் எடுத்துக்கொண்டான். அவன் வராததை அலட்சியம் என்று பெல்காசிம் படுக்கையில் கிடந்து நினைத்தான். எல்லோரும் நல்லவர்கள்தான்... இரண்டு வருஷம்தான் வீணாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மொஸ்பா தகாஷுக்கு வந்தான். நன்றாகச் சவரம் செய்த முகம். கதவைத் திறந்த ஹனியா ஒரு கணம் அந்த முகத்தையே பார்த்தாள், பிறகு அவசரமாகத் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

உள்ளேயிருந்து பெல்காசிமின் குரல் வந்தது. "வழி கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் ஆச்சா, கழுதை?"

மொஸ்பா உள்ளே போய் நின்றான். பெல்காசிம் ஊன்றுகோலால் அவன் தோளில் ஒன்று வைத்தான். வலிக்கவில்லை. இன்னொன்று வைத்தான். அதுவும் வலிக்கவில்லை. அதன்பிறகுதான் மொஸ்பாவுக்கு அழுகை வந்தது. பெல்காசிம் அவன் கழுத்தைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"என்னடா, எலும்பும் தோலுமா இருக்க? விழுந்தது நானா நீயா?"

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் அவன் தவறவில்லை. பெல்காசிம் வாசல்வரை நடந்து வந்து வழியனுப்பத் தொடங்கினான். மொஸ்பாவின் கன்னத்தில் சதை பிடித்தது. தட்டு கொண்டுவந்து வைக்கும் கையை அவன் பார்ப்பதும், அவன் பார்ப்பதை அவள் பார்ப்பதும்...

"சோறு தட்டுல இருக்கு. சுவத்துல இல்ல," என்பாள்.

"சுவத்தைத்தான் பாத்தேன்."

"சுவரா கண்ணாடி வளையல் போட்டிருக்கு?"

அவன் காது சிவந்துபோகும்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, அவள் அடுப்படியில் இருந்தபோது, மொஸ்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டுவிட்டான். "ஹனியாவை எனக்குக் கட்டிக்கொடு."

பெல்காசிமின் முகம் மாறியது. "யாரோட வந்திருக்க?"

"தனியாத்தான். அப்பா இல்லைன்னு உனக்குத் தெரியும். அம்மா ஸ்ஃபாக்ஸ்ல தங்கச்சி வீட்டுல இருக்காங்க."

"பொண்ணு கேக்கணும்னா நாலு ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வரணும். நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா? தனியா வந்து கேக்கிறவன் அவளைத் தனியாத்தான் வச்சிருப்பான். நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல்னா இவ யாரு வீட்டுக் கதவைத் தட்டுவா? குழந்தை பொறந்தா யாரு வந்து பாப்பா? என் தங்கச்சி பத்துப் பேரோட சண்டை போட்டு வளந்தவடா. உன்னோட ஒரு ரூமுக்குள்ள வாடச் சொல்றியா?"

"நான் கேட்டது உன் தங்கச்சியை. ஊரை இல்ல."

"ஊர் இல்லாதவனுக்குத் தங்கச்சி கிடையாது."

மொஸ்பா எழுந்துவிட்டான். அதே பழைய திமிர்... வாசலைத் தாண்டியவனை ஹனியா ஓடிவந்து மறித்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"நிஜமாவே உங்களுக்கு யாரும் இல்லையா?"

"இல்ல."

"இல்லையா... வேணாம்னு வச்சுக்கிட்டீங்களா?"

"அவங்க யாரும் என் முகத்தைக்கூடப் பாக்கிறதில்ல."

"நீங்க குனிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படிப் பாப்பாங்க? அன்னைக்கு நான் கத்துனதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சாங்களே, போய் உக்காந்தீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நான் ஒருத்தி உங்களுக்குப் போதும்னு நினைக்கிறீங்க. நான் போதமாட்டேன். யாரும் யாருக்கும் ஒத்தையாப் போதமாட்டாங்க. அந்தப் பாரத்தை என் தலையில வைக்காதீங்க."

அன்றைக்கு முழுதும் மொஸ்பாவுக்குக் கோபம். முதலில் பெல்காசிம்மேல்... பிறகு அவள்மேல்... விடியும்போது தன்மேல்.

காலையில் தோப்புக்குப் போனான். அறுவடையின் கடைசி மரம். ஆட்கள் ஏறுவதற்கு முன் லஸாரின் முன்னால் போய் நின்றான்.

"பெரியப்பா... வெள்ளிக்கிழமை பொண்ணு கேக்கப் போகணும். எனக்கு ஆளில்ல. நீங்க எல்லாரும் வரணும்."

லஸாரின் மூக்கு விடைத்தது. "ரெண்டு வருஷமா எங்ககிட்ட ஒரு கல் உப்புக் கேட்டிருப்பியா? செத்தாகூடத் தெரியாம இருந்திருப்போம். இப்ப பொண்ணு வேணும்னதும் நான் பெரியப்பாவா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

பெரியவர் அவனை முறைத்தார். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்களுக்கும் இருக்கு. உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டிருக்கணும். மரியாதைன்னு சொல்லிக்கிட்டோம். அது சோம்பேறித்தனம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் லஸாரின் வண்டியில் ஏழு பேர் இடித்துப் பிடித்து வந்து இறங்கினார்கள். மருதாணி, சர்க்கரை, ஒரு ஆட்டுக்குட்டி. வரும் வழியெல்லாம் ஆட்டுக்குட்டி மொஸ்பாவின் மடியில்தான்.

பெல்காசிம் விறைப்பாகவே கேட்டான். "மாப்பிள்ளை எப்படிப்பட்டவரு?"

"திமிர் பிடிச்சவன்," என்றார் லஸார். "வீம்புக்காரன். வண்டியில வரும்போதுகூட என்கிட்ட சண்டை போட்டான். ஆனா எங்க ஆளு."

சிரிப்பை அடக்கியதில் பெல்காசிமின் உதடு துடித்தது. "ஹனியா," என்று கூப்பிட்டான். வழக்கப்படி அவள் வந்து தலை குனிந்து நிற்க வேண்டும். மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வந்தாள். தலை குனியவில்லை.

"என்னம்மா சொல்ற?" லஸார் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "பேசலைன்னா சம்மதம்னு..." என்று இழுத்தார்.

"நான் பேசுவேன் பெரியப்பா," என்றாள் ஹனியா. "ரெண்டு வருஷமா ஆளாளுக்குப் பேசாம இருந்தே ஒருத்தரை ஒருத்தர் பாதிக் கொன்னுட்டீங்க. என் கல்யாணத்தையும் பேசாம முடிக்கணுமா?" அவள் மொஸ்பாவின் பக்கம் திரும்பினாள். முகம் நெருப்பாய்ச் சிவந்திருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர். "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்ப நீங்க சொல்லுங்க. எல்லாரும் கேக்கிற மாதிரி."

அறையில் ஏழு பேர், ஒரு அண்ணன். மொஸ்பா எழுந்து நின்றான். நாற்பது அடி மரத்தில்கூட அவன் அப்படிப் பயந்ததில்லை.

"எனக்கும்..." என்றான்.

"கேக்கல," என்றான் பெல்காசிம்.

"எனக்கும் ஹனியாவைப் பிடிச்சிருக்கு," என்றான் மொஸ்பா, தெருவுக்கே கேட்கும்படி.