மாடி அறைக்கு மாடி அறை

சாரல் மாதத்தில் தென்காசி வீடுகளில் ஈர வாடை அடிப்பது புதிதல்ல. குற்றால மலையிலிருந்து இறங்கும் காற்று பீரோவுக்குள் மடித்து வைத்த சேலையைக்கூடத் தொட்டு நனைத்துவிட்டுத்தான் போகும். ஆனால் அலிமா வீட்டு மாடி அறையில் இரண்டு நாளாக அடிப்பது கடல் வாடை. பாசியும் பழைய மீன் கூடையும் கலந்த வாடை. கடலைப் பார்க்கவே பாதி நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் அது. அவள் சன்னல் கட்டையில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தாள்.

உப்பு.

மகள் ஷிஃபா இருப்பது அமெரிக்காவில், சார்ல்ஸ்டன் என்ற பழைய துறைமுக ஊரில். நிறைமாதம். அவளுடையது ஒற்றை அறை வீடு. பேறுகாலம் பார்க்கப் போகிற அலிமா தங்க இடம் வேண்டும். கடலோரத்தில் கப்பல்காரர் கட்டிய பழைய வீடு ஒன்றில் மாடி அறை வாடகைக்கு இருப்பதை ஷிஃபா தேடிச் சொன்னாள். பேரத்துக்கு மட்டும் அலிமா யாரையும் விடவில்லை. காலமெல்லாம் ஜவுளிக்கடைக் கல்லாவில் இருந்தவள். போனில் பேசினால் அதுவே ஆங்கிலமாக்கி அனுப்பியது.

“வீடோ பழசு, உப்புக்காத்துல மரமெல்லாம் உளுத்திருக்கும். இதுக்கா இவ்வளவு கேக்கீய?”

“உம்மா, அவரு என்ன நம்ம கடைக்கு எதுத்த கடைக்காரரா?” என்று போனில் ஷிஃபா சிரித்தாள்.

“சும்மா இருட்டி. அவனும் விக்கத்தான உக்காந்திருக்கான்.”

அந்த வீட்டுக்காரர் வாடகையில் இறங்கினார். இன்னும் இறங்கினார். கடைசியில் வாடகையே வேண்டாம் என்று எழுதினார். ‘எங்கள் மாடி அறை உங்களுக்கு. உங்கள் மாடி அறை எங்களுக்கு. உங்கள் ஆள் இங்கே நுழையும்போது எங்கள் ஆள் அங்கே.’

குற்றாலத்தில் குளிக்க வருகிறார்களாக்கும் என்று நினைத்து இரண்டு நாளுக்கு முன் அலிமா சம்மதித்தாள். கேட்டதற்கு மேல் இறங்குகிற வியாபாரியிடம் சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் அவள் ஒருநாளும் வாங்கியதில்லை. அன்று வாங்கிவிட்டாள்.

இன்று அந்தியில் மஃரிப் தொழுது முடித்ததும் வீடியோவில் ஷிஃபா வந்தாள். அங்கே காலை வெயில். அறையைப் பார்க்க வந்திருக்கிறாளாம். மூச்சு வாங்க மரப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

“மெல்ல ஏறுட்டி, வயித்துப்புள்ளக்காரி.”

“கதவு தெறந்துதான் கெடக்கு உம்மா. இந்தா, உள்ள போவுதேன்.”

தலைக்கு மேலே, அலிமாவின் மாடி அறையில், ஏதோ கிறீச்சிட்டது.

தொட்டில் கொக்கி. மகள் பிள்ளையோடு ஊருக்கு வரும்போது வேண்டுமென்று பழைய சேலையில் அவளே கட்டிய தொட்டில். காற்றில் ஆடினால் இந்தச் சத்தம் வராது. பாரம் இருந்தால்தான் வரும்.

“உம்மா.” ஷிஃபாவின் குரல் சுருங்கியிருந்தது. “வயிறு சில்லுன்னு ஆயிட்டு.”

“வெளிய வா. ஏட்டி, அந்த ரூமை விட்டு வெளிய வா!”

“அசைவே இல்ல உம்மா. காலையில உதைச்சிச்சே.” திரையில் அவள் இரண்டு கையாலும் வயிற்றைத் தடவினாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. “எங்கன... எங்கன போச்சி?”

அலிமா படியேறினாள். படியெல்லாம் ஈரம். கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது. கையில் போன் அதிர்ந்தது. சார்ல்ஸ்டன் வீட்டுக்காரரின் செய்தி.

‘எங்கள் ஆள் வந்து சேர்ந்தாயிற்று. உங்கள் ஆளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

கதவைத் தள்ளினாள்.

தொட்டில் தரையைத் தொடும் அளவுக்குத் தொய்ந்து கிடந்தது. சொட்டியது. ஆடியது. சேலை விளிம்பைப் பற்றியபடி விரல்கள் வெளியே வந்தன. வெளுத்து, நீரில் ஊறிய விரல்கள்.

பிள்ளை விரல்கள் அல்ல.