ஈர ஸ்கேல்

எங்கள் பள்ளித் தோட்டத்தில் பீன்ஸ் செடிகளுக்கு நோய் வந்ததற்கு நான்தான் காரணமாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் இலைகளில் தண்ணீர் ஊறியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு அவை பழுப்பாகக் காய்ந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டின. வரிசையில் முதல் செடி என்னுடையது. அதில்தான் ஆரம்பித்தது.

"இவ ஏதோ மருந்து ஊத்தியிருப்பா," என்றான் வகுப்புத் தலைவன் நெட்டை.

"நீ பார்த்தியா?"

"அதைப் பாக்க வேற வேணுமா? உன் செடியிலதான வந்துச்சு."

அறிவியல் ஆசிரியையும் விசாரிக்காமல், "நாளைலேர்ந்து நீ தோட்டத்துக்கு வராதம்மா," என்று சொல்லிவிட்டார். ஒரு மாதமாக நான் வளர்த்த செடி. என்ன நியாயம் இது?

மறுநாள் காலை வேலிக்கு வெளியே நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வழக்கமான வேலை நடந்தது. குழாயைப் பிடித்து எல்லாச் செடிகளையும் தலையோடு குளிப்பாட்டினார்கள். உடனே நெட்டை வளர்ச்சியைக் குறித்துவைக்க ஸ்கேலை எடுத்து என் செடியின் இலையை அளந்தான். அதே ஈர ஸ்கேலோடு இரண்டாவது செடிக்குப் போனான். அப்புறம் மூன்றாவது.

புள்ளிகளும் அதே வழியில்தான் போயிருந்தன. என் செடியில் நிறைய, அடுத்ததில் கொஞ்சம் குறைவு, கடைசி நான்கில் ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பாத்தியிலும் பீன்ஸ்தான்; அதை மத்தியானம், இலை காய்ந்தபின் அளப்பார்கள். அங்கேயும் நோய் இல்லை.

"டீச்சர், நான் உள்ள வரல. இங்கேர்ந்தே சொல்றேன். மருந்து ஊத்தியிருந்தா என் செடி மட்டும்தான கருகணும்? நோயை அந்த ஈர ஸ்கேல்தான் தூக்கிட்டுப் போகுது."

ஆசிரியை குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது பாக்டீரியா நோய். விதையிலேயே இருந்திருக்கும். ஈரத்துல தொட்டா பரவும். காலையில அளக்கச் சொன்னதே நான்தான். உன்மேல பழி போட்டது தப்பு. உள்ள வாம்மா."

"நெட்டையும் சொல்லட்டும்."

நெட்டை தலையைச் சொறிந்தான். "தப்புதான்."

இலைகள் காயும்வரை காத்திருந்து, நோய் வந்த செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டினோம். என் செடியை நானே பிடுங்கினேன். அழுகை வந்தது, அழுதேன்.

புள்ளி இல்லாத நான்கு செடிகளும் பிழைத்துக் காய்த்தன. இப்போது தண்ணீர் வேருக்கு மட்டும்தான். தோட்டத்துச் சாவி என்னிடம் இருக்கிறது. பனியில் நனைந்த இலை காயாமல் ஆசிரியையைக்கூட நான் உள்ளே விடுவதில்லை.