உமையாள் போட்ட வட்டம்

இந்தக் காலத்தில் கடன் வாங்கியவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். கொடுத்தவன்தான் கூனிக் குறுகிப் பின்னாலேயே அலைகிறான். நாடுகளும் அப்படித்தான். அன்று நம் மிளகுக்குப் பொன்னைக் கொட்டிய யவன தேசமே, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தவணை கேட்டு நின்றதாம். பத்திரிகையில் வந்ததை ஒருவர் வாசிக்கக் கேட்டேன். போகட்டும். அன்பு வாசகர்களே, நம் பக்கத்து அரசன் ஒருவன் கடன்பட்ட கதையைச் சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு.

அந்தி மயங்கும் வேளை. செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போல் விரிந்து கிடந்த சேயாற்றின் முகத்துவாரத்தில், புன்னைத் தோப்புக்கு மேலே முழுநிலா எழுந்துகொண்டிருந்தது. கீழைத்துறையின் இளம் மன்னர் சேந்தன் காரி படகிலிருந்து இறங்கி ஈர மணலில் கால் வைத்தார். மறுகணமே ஒரு பெண் பாய்ந்து வந்து, கைக்கோலால் அவரைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள்!

அந்நாட்டு வழக்கம் அது. கொடுத்தவர் வட்டம் போட்டால், கடன்பட்டவர் பணத்தை வைக்க வேண்டும். இல்லையேல் யாராவது தாமாகவே அதற்குள் வந்து நின்று பிணையாக வேண்டும். அதுவரை வெளியே வரக்கூடாது. தாண்டினால், அவர் நாட்டுக்கு எந்த வணிகனும் ஒரு பிடி நெல்கூடக் கடன் தரமாட்டான். காரியின் தந்தை போருக்கு வாங்கிய கடன் அது. கோடு போட்டவள், அதைக் கொடுத்த வணிகர் தலைவரின் மகள் உமையாள். சிறு வயதில் அரண்மனைத் தோப்பில் காரியோடு மாங்காய் திருடியவள்.

"எத்தனை முறை ஆள் அனுப்பினேன், அரசே! காய்ச்சல் என்றீர்கள். வேட்டை என்றீர்கள்."

"காய்ச்சல் உண்மைதான், உமையாள்."

"வேட்டை?"

மன்னர் நிலவைப் பார்த்தார். "கருவூலத்தில் வௌவால்கள்தாம் இருக்கின்றன. வேண்டுமானால் பிடித்துப் போ."

அதற்குள் கடல் ஓதம் ஏறிற்று. அலை வந்து வட்டத்தை நக்கிக்கொண்டு போயிற்று. கரையிலிருந்த அமைச்சர் விழுப்பரையர் குதூகலமாகக் கூவினார்: "கோடு அழிந்துவிட்டது, அரசே! ஏறி வாருங்கள்!"

"நான் நின்ற இடம் எனக்குத் தெரியும், ஐயா. நாளை மழை பொய்த்தால் நம் ஜனங்களுக்கு நெல் யார் தருவார்கள்?"

நீர் இடுப்புக்கு ஏறி, மார்பைத் தொட்டது. உமையாளின் முகம் வெளுத்தது.

"நீந்தத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"ஐயோ, முன்பே சொல்வதற்கென்ன!"

"நீ கேட்கவில்லையே!"

"நீங்கள் மூழ்கினால் எங்கள் பொன்னுமல்லவா மூழ்கும்!" என்று சீறிக்கொண்டே அவள் நீரில் பாய்ந்து, வட்டம் இருந்த இடத்துக்கே போய் அவர் கையைப் பற்றினாள். கரையில் நின்ற வணிகர்கள் திகைத்தார்கள். கொடுத்தவர் மகளே பிணையாகிவிட்டாளே!

மன்னர் கரையை நோக்கி உரக்கச் சொன்னார்: "இத்துறை அறிய ஆணையிடுகிறேன். கடன் தீரும்வரை என் தலையில் முடி ஏறாது. சுங்கச் சாவடியில் நானே மூட்டை நிறுப்பேன். நீ பக்கத்தில் நின்று கணக்குப் பார்."

"பார்ப்பேன். தராசில் விரலை வைத்தீர்களோ, அடுத்த வட்டம் அரண்மனையைச் சுற்றி!"

இருவர் கண்ணிலும் நீர் வந்ததாம். ஆற்று நீராகவும் இருக்கலாம். பார்த்தவர்கள் காதல் என்றார்கள். இருக்கட்டும். ஆனால், துறைமுகத்தில் பிறந்து படகிலேயே வளர்ந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாதாம்! கூடவே திரிந்தவளுக்கு அது பொய்யென்று தெரியாதாம்! யாரிடம் சொல்கிறீர்கள்? நான் கிளம்புகிறேன்.