மூன்றாவது அறிக்கை

மூன்றாவது அறிக்கையை யாரும் அச்சடிப்பதில்லை. எழுதுவதோடு சரி.

அக்கா நடத்தும் மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பதினோரு வருடமாக அதுதான் வழக்கம். கம்பெனிகளுக்கு இடையிலான பந்தயமாக இருந்தாலும், அதற்குப் பிறகு நடக்கும் விருந்தாக இருந்தாலும், பத்திரிகைகளுக்கான மூன்று அறிக்கைகள் முந்தின வாரமே தயாராகிவிடும். முதலாவது, காசு கொடுக்கும் கம்பெனியின் அணி ஜெயித்தால். இரண்டாவது, தோற்றால். தோல்வியை எப்படிப் பூசி மெழுகுவது என்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது, நடக்கக் கூடாதது ஏதாவது நடந்துவிட்டால். அதில் துக்கம் முழுசாக எழுதியிருக்கும். பெயர், வயது, நேரம், இடம் இந்த நான்கு மட்டும் புள்ளி வைத்துக் காலியாக இருக்கும். அந்த ஒற்றைத் தாள் உறையில் ஒட்டப்பட்டு அக்காவின் கைப்பைக்குள் போகும். நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்ததும் அக்கா ஒரு முனையையும் தங்கையான அவள் ஒரு முனையையும் பிடித்துக் கிழிப்பார்கள். "பொழைச்சோம்டி குட்டி" என்பாள் அக்கா. பிறகு இருவரும் டீ குடிக்கப் போவார்கள். அவளுக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அதனால், நாலே கால் மணிக்கு அச்சகத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது, 'மிகுந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கிய தாளைப் புரட்டி மறுபக்கமும் பார்த்தாள். அடுத்த தாளும் அதுதான். பெட்டியின் அடிவரை கையை விட்டுப் பார்த்தாள். இருநூறு பிரதிகள்.

செய்தியாளர் அறை மைதானத்தின் மேற்கு கேலரிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே ஒரு அடி உயர மேடை, அதில் நீளமான மேசை, பின்னால் கம்பெனியின் முத்திரைகள் வரிசையாக அச்சிட்ட பேனர். மேசைக்கு மேலே இரண்டு சங்கிலிகளில் தொங்கிய கனமான இரும்புச் சட்டத்தில் எட்டு விளக்குகள் எரிந்தன, அவற்றின் மேல் படிந்திருந்த பழைய தூசி சூட்டில் கருகி, புதிதாக ஒட்டிய தரைவிரிப்பின் பசை நாற்றத்தோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கூரைக்கு மேல் கூட்டத்தின் கால்கள் தகரத்தில் மழை பெய்வதுபோல ஓடின. அந்தச் சத்தம் ஓய்ந்த இடைவெளிகளில் இன்னொரு சத்தமும் கேட்டது. துருப்பிடித்த திருகை யாரோ அவசரமில்லாமல் கழற்றுவது போன்ற சின்னக் கிரீச்சு. நின்றது. மறுபடி கேட்டது.

தாளைத் திரும்பப் படித்தாள். பெயர் காலி. வயது காலி. நேரம் காலியாக இல்லை. மாலை 6.40. இடமும் இருந்தது: மேற்கு கேலரியின் பின்புற இரும்புப் படிக்கட்டு.

ஆறு நாற்பது அவளுடைய நேரம். ஆட்டம் ஆறரைக்கு முடியும். முடிவையும் விருந்துக்கான அழைப்பையும் எழுதிய தாளை அவள்தான் மேலே அறிவிப்பாளரின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை போனில் சொன்ன பெயரை அறிவிப்பாளர் தப்பாக வாசித்துப் பெரிய வம்பாகிவிட்டதிலிருந்து, கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் கொடுத்தால்தான் ஆச்சு என்பது அக்கா போட்ட சட்டம். கூண்டுக்குப் போக அந்த இரும்புப் படிக்கட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அது ஆடுகிறது என்று திங்கட்கிழமையே அக்காவிடம் சொல்லியிருந்தாள். மறுநாளே சரி பண்ணியாச்சு என்று அக்கா சொன்னாள்.

நாலாவது வரியை இரண்டு தடவை படித்தாள். 'பலமுறை எச்சரிக்கப்பட்டிருந்தும் அதைப் பொருட்படுத்தாமல் சென்றதால்.'

அது அக்காவின் வாக்கியம் இல்லை, அவளுடையது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், வேறொரு மைதானத்தில், விளக்குக் கட்டுகிற தொழிலாளி ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனார். கட்டைவிரலில் எப்போதும் நீலநிற இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருப்பார், அதைக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்போது, வெளியே நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து அந்த வரியை அவள் எழுதினாள். யாரும் அவரை எச்சரிக்கவில்லை. அக்கா எழுதச் சொன்னாள், எழுதினாள். பிறகு அந்த மனைவி ஒரே ஒரு தடவை போன் செய்தார். "அவரு சொன்னா கேக்காத ஆளு இல்லம்மா" என்றார். அதற்குப் பதில் எந்த அறிக்கையிலும் இல்லை.

அக்காவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, மூணாவது அறிக்கைய ஏன் அச்சடிச்சிருக்காங்க?"

"அச்சகத்துக்காரன் ஃபைலை மாத்தி எடுத்திருப்பான். மேசைக்குக் கீழ தள்ளிவிடு. வேற அனுப்பச் சொல்றேன்."

"இதுல நேரம் போட்டிருக்கு. ஆறு நாப்பதுன்னு."



"ஆறு நாப்பத்தஞ்சுன்னுதானே போட்டேன்" என்றாள் அக்கா, யோசனையில் இருப்பவள் போல.

அக்கா உடனே சிரித்தாள். "சும்மா சொன்னேன்டி, பயந்தாங்கொள்ளி. வேலையப் பாரு. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு."

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட சிரிப்பு. மாட்டிக்கொண்டால் வருகிற சிரிப்பு.

தண்ணீர் பாட்டில்களை அடுக்க மைதானத்தின் மேற்பார்வையாளர் வந்தார். அவள் படிக்கட்டைப் பற்றிக் கேட்டாள்.

"அண்ணா, பின்னாடி இரும்புப் படிக்கட்டு சரி பண்ணிட்டீங்கல்ல?"

"இல்லையே மேடம். வெல்டிங்குக்கு ரெண்டு நாள் மூடணும்னு சொன்னேன். உங்க அக்கா நேர்ல வந்து பாத்தாங்க. நிகழ்ச்சியைத் தள்ளிப்போட முடியாது, ஒருநாள் தாங்கும், விடுங்கன்னுட்டாங்க." பாட்டில்களின் முகத்தை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தார். "அதுல யாரு ஏறுவான்னு கேட்டேன். ஒருத்தர்தான்னாங்க."

அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். ஒருத்தி கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவள் போல இத்தனை வருடம் இருந்திருக்கிறோமே என்ற வெட்கம். அக்கா, அப்பா போன பிறகு தலை பின்னிவிட்டவள். பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக்கொடுத்தவள். அந்தக் கையால், ஆற அமர உட்கார்ந்து, நேரத்தைக்கூட யோசித்துப் போட்டிருக்கிறாள். தங்கை விழுந்தால் என்ன செய்வது என்று அக்கா யோசிக்கவில்லை. விழுந்தால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறாள்.

மேலே கிரீச்சு. நின்றது.

குனிந்து மேசைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மேல் தாளில் வயதுக்கான புள்ளிகள் இல்லை. 34 என்று இருந்தது. எழுத்துகள் ஈரமாக இல்லை, எப்போதோ காய்ந்தவை. அதற்குக் கீழே, அரைமணி முன்பு வெற்றிடமாக இருந்த இடத்தில், மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பத்தி. 'அவள் எனக்குத் தங்கை மட்டுமல்ல, என் முதல் குழந்தை. இந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது. ஆயினும் விருந்து திட்டமிட்டபடி நடைபெற வேண்டும் என்பதையே அவளும் விரும்பியிருப்பாள்.' ஈடுசெய்ய முடியாதது என்று எழுதாமல் அக்காவுக்கு ஓர் இரங்கல் வராது. அறிக்கையின் கடைசி வாக்கியத்தில் கம்பெனியின் பெயர் இரண்டு முறை வந்தது.

போக மாட்டேன் என்று முடிவு செய்தாள். இவ்வளவுதான். ஏறினால்தானே விழுவது. அறிவிப்பாளருக்கு முடிவை போனிலேயே சொல்லிவிடலாம், வாசித்தால் வாசிக்கட்டும், தப்பாக வாசித்தால் வாசிக்கட்டும். ஆறு நாற்பது தாண்டும்வரை இந்த அறையில், இந்த நாற்காலியில் இருக்கப் போகிறாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்க வேண்டும். பெட்டியை மூடி, டேப் ஒட்டி, மேடைக்குப் பின்னால் தள்ளினாள்.

ஆறரைக்கு மேலே பெரும் ஆரவாரம் எழுந்து அடங்கியது. யார் ஜெயித்தார்கள் என்று அவள் விசாரிக்கக்கூட இல்லை. கதவு திறந்து நிருபர்கள் வந்தார்கள். பாதிப் பேர் அவளுக்கு நன்றாகப் பழக்கம். வாசலிலேயே டீ எங்கே என்று கேட்கிறவர்கள். இன்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் நாற்காலியிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாற்காலிகளில் அவள் எதையும் வைக்கவில்லை. முப்பது பேர் தலை குனிந்து படிக்கும் சலசலப்பு. பிறகு ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கிற மாதிரி.

முன்வரிசையில் இருந்தவரின் தாளைத் தலைகீழாகவே படிக்க முடிந்தது. பெயருக்கான இடத்தில் அவள் பெயர்.

"அதெல்லாம் தப்பா வந்தது" என்றாள். "யாரும் எடுத்துக்க வேண்டாம். வேற வருது."

ஒருவர் தலையை மெல்ல ஆட்டினார்.

சுவர்க் கடிகாரம். ஆறு முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. முள் நகரும் சத்தம்கூடக் கேட்டது.

ஆறு நாற்பது.

எங்கேயோ பின்னால், சுவருக்கு அப்பால், கனமான இரும்பு ஒன்று பெயர்ந்து நீண்ட நேரம் சரிந்து விழும் ஓசை. தரை அதிர்ந்து, பாட்டில்களில் தண்ணீர் ஆடியது. அவ்வளவுதான். யாரும் அதன்மேல் இல்லை. அவள் இங்கே இருக்கிறாள். ஆறு நாற்பத்தொன்று. தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். பொழைச்சோம்டி குட்டி. கண்ணில் நீர் வந்தது.

"மேடம்" என்றார் போட்டோக்காரர். கேமராவுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. "ஒரு படம் வேணும். கொஞ்சம் நடுவுல வாங்க. லைட்டுக்கு நேர் கீழ."

பதினோரு வருடப் பழக்கம். போட்டோக்காரர் நகரச் சொன்னால் கால் தானாக நகரும். எழுந்தாள், மேசையைச் சுற்றி முன்னால் வந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டாள், மோவாயைக்கூட லேசாகத் தூக்கினாள். உச்சந்தலையில் விளக்குகளின் சூடு இறங்கியது.

அப்போதுதான் கதவின் கண்ணாடிக்கு அப்பால் அக்காவைப் பார்த்தாள்.

கோபம், வெட்கம், கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் ஒரு நொடி மறந்து போனது. அக்கா வந்துவிட்டாள் என்று மட்டும்தான் தோன்றியது. அதை நினைத்துத்தான் அடுத்த நொடி நெஞ்சு வலித்தது. அக்கா கறுப்புப் புடவை கட்டியிருந்தாள். காலையில் நீலம். கண்ணாடியில் ஒரு தாளை வைத்து, பேனாவால் எதையோ கோடிட்டு அடித்தாள், எழுத்து தாளை ஊடுருவித் தெரிந்தது. இடம். இரும்புப் படிக்கட்டை அடித்துவிட்டு மேலே எழுதினாள். செய்தியாளர் அறை. பிறகு நேரத்தையும் அடித்தாள்.

அறைக்குள் முப்பது பேனாக்கள் ஒரே சமயத்தில் கோடு இழுத்தன.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா."

முன்வரிசை எழுந்திருக்கவில்லை. நாற்காலிகளை மட்டும் முன்னால் இழுத்தது. முழங்கால்கள். அரைவட்டமாக. முதுகுக்குப் பின்னால் மேசை. போக இடமில்லை.

"அக்கா, கதவத் திற."

தலைக்கு மேல் கிரீச்சு. இந்த முறை நிற்கவில்லை. தூசி உதிர்ந்து தோளில் விழுந்தது. கருகிய வாசனை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு விளக்குகளின் வெளிச்சத்துக்கு மேலே, இருட்டில், சங்கிலி கோத்திருந்த இடத்தில், ஒரு கை. நிதானமாகத் திருகைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் நீல டேப்.

ஒரு சங்கிலி விடுபட்டது. சட்டம் ஒரு பக்கம் தாழ்ந்து, ஆடி, நின்றது. எட்டு விளக்குகளும் அவள் முகத்துக்கு நேரே.

கடிகாரம். ஆறு நாற்பத்து நாலு.

நிருபர்கள் எழுதவில்லை. நேரத்துக்கான இடத்தில் பேனா முனையை வைத்துக் காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, தேவையும் இல்லை. அவள் எனக்குத் தங்கை மட்டுமல்ல. சரியான இடத்தில் நிறுத்தி, சரியான இடத்தில் தொண்டை அடைத்து, கன்னத்தில் கண்ணீர் வழிய, அக்கா ஒத்திகை பார்த்தாள்.

"அக்கா" என்று கத்தினாள். "என்னப் பாரு."

அக்கா பார்க்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.