கட்டிலிலிருந்து கதவு வரை

காலை ஏழு மணிக்கு ஜமுனாமரத்தூரில் மழை விட்டது. சுவேதா பையை இறக்கி வைத்தபோது கூடத்துத் தரையெங்கும் ஈசல் இறகுகள் கிடந்தன.

கல்யாணமாகி இதுவரை திருப்பத்தூரில் அவள் தாய் வீட்டில்தான் இருந்தார்கள். குணசீலனின் வீட்டுக்கு அவள் வருவது இதுவே முதல்முறை.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இறகுகள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. வீட்டுக்குள் பறந்து வீட்டுக்குள்ளேயே உதிர்ந்தவை.

“கூடு உள்ளதான் கீது,” என்றாள்.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா, கரையான் டாக்டரு!” குணசீலன் சிரித்தான். “போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன்.”

அவள் வாசல் நிலையைத் தட்டினாள். வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. பெயின்டுக்குப் பின்னால் மரம் இல்லை. ஈர மண்.

“குத்தாத!” என்று கத்தினான். பிறகு குரலைத் தணித்தான். “கீழ போய் மருந்து வாங்கியாறேன்.”

கதவு சாத்தப்பட்டது. வெளியே கொண்டியில் பூட்டு விழுந்தது.

“இன்னாங்க, ஏன் பூட்றீங்க?”

“புது ஊரு. சும்மா உள்ள கெட.”

பைக் மலை இறங்கியது. கைப்பேசியில் அழைத்தாள். “வர்றேன்னு சொன்னேன்ல,” என்று துண்டித்தான். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

பின்கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. ஜன்னல்களில் கம்பி. அவள் அழவில்லை. கோபம் வந்தது. துடைப்பத்தை எடுத்து இறகுகளைக் கூட்டித் தள்ளினாள். பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் மண்தடத்தைத் தேடினாள்.

படுக்கையறையில் இருந்தது.

கரையான் தரையிலிருந்துதான் மேலே ஏறும். இந்தத் தடம் கட்டிலில் தொடங்கியது. சுவரில் இடுப்பு உயரத்தில் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் தரைவரை சரிந்து மறுபடி எழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த யாரோ அங்கே விழுந்து எழுந்ததுபோல. கூடத்தைக் கடந்து வாசல் கதவில் முடிந்தது.

கதவின் உட்புறத்தில் மண் விரல் விரலாகப் பிரிந்திருந்தது.

துவைக்காத போர்வையின் நாற்றம் அடித்தது. வீட்டில் போர்வையே இல்லை.

ஜன்னலைத் திறந்து கத்தினாள். பக்கத்து வீட்டு மங்கம்மாள் வந்தாள். கம்பிக்கு அருகே வரவில்லை.

“உன்னியும் பூட்டிட்டானா?” என்றாள் மெதுவாக.

“உன்னியும்னா?”

“மொத பொண்டாட்டி, கவியா.”

“அவ ஓடிப்போய்ட்டான்னு சொன்னாரு.”

“ஓடினாளா? அந்தக் கட்டில்லருந்து அவளால எழுந்திரிக்கவே முடியல. காய்ச்சல். பூட்டிட்டு திருப்பத்தூர் போனவன் மறுநாள்தான் வந்தான். செவுத்தப் புடிச்சிக்கினே கதவாண்ட வந்து எங்களக் கூப்ட்டா. அவன் தொறக்கறப்ப அங்கியே செத்துக் கெடந்தா.” மங்கம்மாள் குரலை இன்னும் இறக்கினாள். “உங்க கல்யாணத்துக்காவது பூவாடைக்குப் பொடவ வெச்சானா?”

தாலியோடு செத்தவளைப் பூவாடை என்று கல்யாணத்துக்கு முன் புடவை வைத்து அழைப்பது வழக்கம். ஓடிப்போனவளுக்கு யார் புடவை வைப்பார்கள்? ஒரே பொய்யில் அவளை வீட்டிலிருந்தும் சடங்கிலிருந்தும் வெளியேற்றியிருக்கிறான்.

“கூப்ட்டப்ப நீங்க இன்னா பண்ணீங்க?”

“புருசன் போட்ட பூட்டும்மா. நாங்க எப்படி ஒடைக்கிறது?”

“இப்பவும் அதான் சொல்லுவீங்களா?”



சுவேதா சமையலறையிலிருந்து இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்து வந்தாள். கொண்டி அறைந்திருந்த பக்கத்து நிலையில் குத்தினாள். பெயின்ட் அப்பளம்போல் நொறுங்கியது. வெள்ளைப் பூச்சிகள் கையில் ஏறின. உதறவில்லை.

ஒரு பிடி மண்ணை அவள் எடுத்தால் இரண்டு பிடி விழுந்தது.

நிறுத்தினாள்.

மண் விழுவது நிற்கவில்லை.

உள்ளிருந்து யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“கவியாக்கா,” என்றாள். மறுபடி குத்தினாள். கொண்டி ஆணியோடு பெயர்ந்து, பூட்டு பூட்டியபடியே வெளியே விழுந்தது.

வெளிச்சம் மங்கும்போது குணசீலன் மருந்து டப்பாவோடு வந்தான். தெருவில் சுவேதாவும் மங்கம்மாளும் நின்றிருந்தார்கள்.

“யாரக் கேட்டு ஒடச்ச?”

“அவள ஏன் பூட்டின?”

அவன் மங்கம்மாளை முறைத்தான். “வந்து வெச்சிக்கிறேன் உங்க ரெண்டு பேரையும்,” என்று உள்ளே போனான். மருந்தடிக்கும் சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு நகர்ந்தது. கட்டில்வரை போய் நின்றது.

வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை.

உடைந்த நிலையின் அடியில் ஈர மண் கசிந்தது. சுவேதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. முழங்கால் உயரம். இடுப்பு. தலைக்கு மேல். கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கீற்றுகூட மிஞ்சவில்லை.

மங்கம்மாள் அவள் கையைப் பிடித்தாள். சுவேதா விடுவித்துக்கொண்டாள். தோசைத் திருப்பி அவள் காலடியில் கிடந்தது. குனியவில்லை.

“ஏய், தொறடி!” உள்ளே அவன் உதைத்தான். பிறகு குரல் படுக்கையறைப் பக்கம் திரும்பியது. “வெளையாடாத, சுவேதா. கட்டில விட்டு எழுந்திரு.”

தெரு இருட்டியது.

மண்ணுக்குப் பின்னால், மிக அருகில், அவன் குரல் கேட்டது. கிசுகிசுப்பாக.

“சுவேதா... நீ வெளியதான கீற?”