கடைசி வரிசையில் இருபத்தஞ்சரை இஞ்ச்

முட்டியில் ஏதோ ஊர்ந்தது. திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தான் இளஞ்செழியன். இஞ்ச் டேப்! ஒரு முனை அவன் முட்டியில், மறுமுனை பக்கத்து ஜன்னல் சீட்டுப் பெண்ணின் விரலில்...

“ஏனுங்க... என்ன பண்றீங்க?”

“ஐயோ, மன்னிச்சுக்குங்க!” வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “பழக்கதோஷம். நாமக்கல்ல லாரிக்கு சீட்டு கட்டற பட்டறை எங்களுது. ஆள அளந்துதான் சீட்டு வெட்டுவோம். நீங்க முட்டிய வெக்க எடமில்லாமத் தவிக்கறதப் பாத்ததும் கை தானாப் போயிருச்சுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாளே, அதைப் பார்க்க வேண்டும்! சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் அந்தக் குட்டி விமானத்தின் ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் மட்டும் பளீரென்று வெயில்... பாவம் பையன், அங்கேயே விழுந்துவிட்டான்.

“சரி, அளந்தாச்சு. எவ்வளவுங்க?”

“எடம் இருபத்தஞ்சரை இஞ்ச். உங்க தொடை இருபத்தாறு.” உதட்டைப் பிதுக்கினாள். “போன மாசம் ரெக்சின் வாங்கப் போனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு வரிசைய எச்சா சொருகிட்டாங்க. மெத்தையும் அப்பளமாட்டம். இதப் பண்ணுன மகராசன் ஒரு தடவையாச்சும் உக்காந்து பாத்திருப்பானா?”

மகராசன் எச்சில் விழுங்கினான்.

ஆமாம், சொருகியவன் இவனேதான்! சேந்தமங்கலத்துக்காரன். விமானக் கம்பெனியில் சீட் அமைப்பைப் பார்க்கும் இன்ஜினியர். ‘புது சீட் வசதியாக இருக்கிறது’ என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் மேனேஜர் பதவி நிச்சயம். பேருக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தான். இவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தச் சிரிப்பு நின்றுவிடுமே... வாயை மூடிக்கொண்டான்.

பேச்சுக் கொடுத்துப் பெயரை மட்டும் வாங்கிவிட்டான். மோகனப்பிரியாவாம்.

“சீட்ட நீங்களே தைப்பீங்களா?”

“தைக்கறது மட்டுமா? தச்சவங்கதான் மொதல்ல உக்காரோணும். லாரியில மாட்டி, பரமத்தி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரோணும். இடுப்பு வலிச்சா பிரிச்சு மறுக்கா கட்டோணும். எங்க பட்டறைச் சட்டம் அது. அப்பா முப்பது வருசம் லாரி ஓட்டி இடுப்பு போனவரு. சும்மா உடுவாரா?” என்றவள், “நீங்க என்ன வேலைங்க?” என்றாள்.

“நான்... கம்ப்யூட்டர்ல படம் வரையறனுங்க.”

“அட, சினிமாப் படமா?”

“அந்தளவுக்கு இல்லீங்க...”

அந்த நேரம் பார்த்துத்தானா தண்ணீர் கொண்டுவர வேண்டும் அந்தப் பணிப்பெண்? “சார், நீங்க போட்ட புது சீட் எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மோகனப்பிரியாவின் முகம் சுண்டிப்போனது.

“நீங்கதானா அது? இத்தன நேரம் என்னையப் பேச உட்டு வேடிக்கை பாத்தீங்களாக்கும்?”

“இல்லீங்க... பயந்துட்டேன்...”

“அளவு தப்பாக் கட்டுனா பிரிச்சுக் கட்டிக்கலாமுங்க. மூஞ்சிக்கு நேரா மறைக்கறவங்களோட எனக்குப் பேச்சில்ல.”

ஜன்னல் பக்கம் திரும்பியவள்தான். சென்னையில் இறங்கி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லாரிக்கு சீட்டு தைப்பவளுக்கு இத்தனை வாயா? இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தான். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. அதே விமானத்தில், அதே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். சேலம், சென்னை, மறுபடி சேலம், மறுபடி சென்னை... நாலாவது தடவை இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். அன்று மாலையே அறிக்கையில் எழுதினான்: ‘கூட்டிய வரிசையை எடுத்துவிட வேண்டும். தவறு என்னுடையது.’

கம்பெனி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது. மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போனது. போனால் போகட்டும்! அவனுக்கு அவள் அல்லவா வேண்டும்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாமக்கல்லில் ஏழு பட்டறை ஏறி இறங்கி, எட்டாவதில் கண்டுபிடித்துவிட்டான். ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த மோகனப்பிரியா நிமிர்ந்தாள்... கத்தரிக்கோல் நின்றது.

“அந்த வரிசைய எடுத்தாச்சுங்க” என்றான் மூச்சு வாங்க.

“அதச் சொல்லவா இத்தன தூரம்? சந்தோசம். போயிட்டு வாங்க.”

கத்தரிக்கோல் மறுபடி ஓடியது. கோணல்மாணலாக ஓடியது.

“அதுக்கு மட்டும் வரலீங்க. அன்னிக்கு மறைச்சது தப்பு. நீங்க சிரிக்கறத நிறுத்திருவீங்கன்னு பயந்துதான்...” ஆனது ஆகட்டும் என்று கொட்டிவிட்டான். “எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க. நெம்பப் புடிச்சிருக்கு. இனி எதையும் மறைக்க மாட்டேன். வரவேண்டிய மேனேஜர் பதவியும் போச்சு... அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துகொண்டே வந்தது...

“உங்களத் திட்டிட்டு வந்ததுல இருந்து மூணு சீட்டப் பாழ் பண்ணிட்டேனுங்க. ‘என்னாச்சு சாமி உனக்கு’ன்னு அப்பா கேட்டுட்டே இருக்காரு. என்னத்தச் சொல்ல? ஒருத்தரோட நெனப்பு போகவே மாட்டேங்குதுன்னா?”

“சொல்லிருங்களேன்...”

“நானா? நல்லாருக்கே!” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “நாளைக்கு ஞாயித்துக்கெழம. அப்பா ஊட்லதான் இருப்பாரு. நீங்களே வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”