கூட ஒருவர் படிக்கிறார்

கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை முடிந்து, ரயிலேறிப் பொன்னேரி வந்து, சாராள் அந்தப் பழைய வாடகை வீட்டைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உள்ளே ஈரச் சுவரின் வாடை. கால்கூடக் கழுவாமல் கணினி முன் உட்கார்ந்தாள்.

ஷார்ஜாவில் மகன் தாவீதுக்கு மறுநாள் இதய அறுவைச் சிகிச்சை. அதற்குமுன் அன்று மாலை, கணினியில் முகம் பார்த்துப் பேசுவதாகச் சொல்லியிருந்தான்.

இணையம் வரவில்லை.

கணினிப் பழுதுக்கென்று பணம் கட்டி வைத்திருந்த உதவி எண்ணைக் கைப்பேசியில் அழைத்தாள். எடுத்தவள் உமைரா, நாள் முழுக்கப் பேசிக் களைத்த குரல்.

"ஸ்கிரீன்ல இன்னா வந்துக்குதுன்னு படிங்கக்கா."

சாராளுக்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டுமே தெரியும். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"போதும்க்கா. பக்கத்துல ஐயா மொத்தமா படிச்சிட்டாரு."

"எந்த ஐயா?"

"உங்ககூட கீறாரே, அவருதான்."

வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"வெளையாடாதம்மா. நானே பேஜாருல கீறேன்."

"நான் ஏன்க்கா வெளையாடப் போறேன்? பாவம், எப்படி இருமுறாரு!"

சாராளுக்கு இருமல் கேட்கவில்லை. தைல வாசம் மட்டும் வந்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து.

எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் பிள்ளையின் முகம்?

'கர்த்தாவே' என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

"என் ஷிப்ட் முடிஞ்சிருச்சுக்கா. பரவால்ல, சரிபண்ணிக் குடுத்துட்டே போறேன். மோடம் பின்னால ஒயரு கழண்டுக்குதுன்னு ஐயா சொல்றாரு, பாருங்க."

மேசைக்கடியில் கையை விட்டாள். ஒயர் கழன்றுதான் கிடந்தது. செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"ஆண்டவர் உன்ன ஆசீர்வதிப்பாரும்மா."

"ஐயாவுக்குச் சொல்லுங்கக்கா." உமைரா சிரித்துவிட்டு வைத்தாள்.

திரையில் தாவீது வந்தான். மருத்துவமனைக் கட்டில், இளைத்த முகம், அதே சிரிப்பு.

"யம்மா, இன்னா இப்படி வேர்த்துக்கினு கீற? எனக்கு ஒண்ணும் ஆவாது."

அழுதாள். பேசினார்கள். சேர்ந்து ஜெபித்தார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யம்மா, உன் பின்னாடி அந்தப் பெரியவரு அப்போலருந்து நின்னுக்கினே கீறாரு. ஒரு சேர் போடேன்."

சாராள் திரும்பவில்லை. ஆலையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள் அவள். பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

பிரம்பு மெல்ல அமுங்கும் சத்தம் கேட்டது.